ஒரு மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

ஓர் உறையில் இரண்டு கத்தி இராது என்பது நம் பழமொழி. ஆனால் ஒரே மடிக்கணினியில் பாடத்திற்கு ஒன்றும் விளையாட்டிற்கு ஒன்றுமாக இரண்டு இயங்குதளங்களை வைத்து ஆளலாம் என்று, நம்மிடம் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவர்கள் கூறுகின்றனர். அவ்வாறு செய்யவிடலாமா என்று அவர்தம் பெற்றோர் முதலில் வினவுவது தமிழ்ப்பள்ளி ஆசிரியரைத்தான். பல வீடுகளில் உள்ளது ஒரே கணினி. தம்பியின் விளையாட்டும் அக்காளின் எஸ்.டி.பி.எம். இடுபணியும் அதனுள்ளேதான் இருக்கின்றன. ஆதலால் விடை கூறுமுன் இதன் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இயங்குதளம் என்பது நினைவகம், திரை, விசைப்பலகை, வன்தட்டு ஆகிய உறுப்புகளை எல்லாம் ஆள்கின்ற அடிப்படை மென்பொருள். கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும். லினக்ஸ் என்பது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது, விலையின்றிக் கிடைப்பது. நிரலாக்கம் பயிலும் மாணவர் இதனை விரும்புவதில் வியப்பில்லை. அதன் வகைகளுள் ஒன்று உபுண்டு.

லினக்ஸ் ஒன்றே போதாதோ எனின், விளையாட்டு குறுக்கே நிற்கிறது. விண்டோசுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகளை லினக்சில் ஓடச்செய்யும் புரோட்டான் என்னும் மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018 இல் வெளியிட்டது. அதனால் மிகப் பல விளையாட்டுகள் இன்று லினக்சிலும் ஓடுகின்றன. ஆயினும் பலர் கூடி இணையவழி ஆடும் சில ஆட்டங்கள் இசையவில்லை. வாலரண்ட் ஆட்டத்தோடு வரும் வேன்கார்டு என்னும் காவல் மென்பொருள், ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்க விண்டோசின் கருவுக்குள்ளேயே புகுந்து நிற்கிறது. லினக்சில் அது இயங்குவதில்லை. அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்னும் ஆட்டமோ 2024 வரை லினக்சில் இயங்கியது. ஏமாற்றுக்காரரைக் காரணம் காட்டி அதன் நிறுவனத்தார் அவ்வாண்டில் கதவை அடைத்துவிட்டனர். ஆகவே ஆட்டத்திற்கு விண்டோசை வைத்துக்கொண்டு படிப்பிற்கு லினக்சைச் சேர்க்கின்றனர்.

இவ்விரண்டும் ஒரே வேளையில் இயங்குவதில்லை. காலைப் பள்ளியும் மாலைப் பள்ளியும் ஒரே கட்டடத்தில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேசையும் பலகையும் பொது, அலமாரிகள் வேறு. அலமாரியைப் போன்றதே வன்தட்டில் ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் ஒதுக்கப்படும் பிரிவு. மின்விசையை அழுத்தியதும், வாயிற்காவலர் போன்ற சிறு நிரல் ஒன்று இரு பெயர்களையும் திரையில் காட்டி, எது வேண்டும் என வினவும். இம்முறையை டூயல் பூட் என்பர். பூட் என்றதும் பூட்டு என்று கொள்ளலாகாது. காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்த சொல் அது. நாம் இரட்டைத் தொடக்கம் எனலாம். ஆட விரும்பும் பையன் பாடத்தை மூடிக் கணினியை மறுபடியும் தொடங்க வேண்டும். இச்சிறு தடை நல்லதே என்பது என் கருத்து. ஆயினும் அது தடைதான், பூட்டன்று.

தனித்தனியான இடங்களில் தொல்லை இல்லை. பொதுவான இடங்களில்தான் தொல்லை. முதலில் கடிகாரம். கணினியின் உட்கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்ளும். லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கொள்வது வழக்கம். நம் நாட்டு நேரம் பொது நேரத்திற்கு 8 மணி முந்தியது. எனவே லினக்சிலிருந்து விண்டோசுக்குத் திரும்பினால் மாலை 4 மணி காலை 8 மணியாகத் தோன்றக்கூடும். லினக்சை உள்ளூர் நேரத்திற்கு மாற்றியமைத்தால் இது தீரும்.

இதனினும் கொடியது பாஸ்ட் ஸ்டார்ட்டப் எனப்படும் விரைவுத் தொடக்க வசதி. அணைத்தாலும் விண்டோஸ் தன் நிலையைத் தட்டில் எழுதிவைத்து அரைத்துயில் கொள்ளும். காலைப் பள்ளி ஆசிரியர் கணக்கேட்டைப் பாதியில் விட்டு அலமாரியைத் திறந்துபோட்டுச் சென்றதற்கு இஃது ஒப்பாகும். அந்நிலையில் லினக்சிலிருந்து விண்டோசின் பிரிவுக்குள் வலிந்து எழுதினால் கோப்புகள் சிதையும். ஆதலின் அவ்வசதியை முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

அடுத்து, மெய்யாகவே ஒரு பூட்டு. இன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் உரிமையாளர் அறியாமலே இயங்குகிறது. தொடக்க அமைப்பில் கைவைத்தால், அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அவ்வெண் பெரும்பாலும் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் ஏதோ ஒரு கணக்கை உண்டாக்கித் தந்திருந்தால்? எண் கிட்டாவிடில் உள்ளிருக்கும் எதுவும் கிட்டாது. செக்யூர் பூட் என்னும் காப்பை நீக்கிவிடுமாறு யாரேனும் கூறினும் உடனே ஏற்க வேண்டா. உபுண்டு அக்காப்புடனேயே இயங்கும். விண்டோஸ் 11 இல் வாலரண்ட் ஆடுவதற்கோ அது கட்டாயம்.

ஆகவே முதற்பணி, கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்தல். 48 இலக்கங்களையும் தாளில் எழுதி வைத்தல் அடுத்தது. பின்னர் விண்டோசின் உள்ளிருந்தே அதன் பிரிவைச் சுருக்கி, உபுண்டுவிற்குக் குறைந்தது 25 கிகாபைட் இடம் விட வேண்டும். நிறுவும்போது வரும் ஒரு திரையில்தான் முழுக் கவனம் தேவை. விண்டோசுடன் சேர்த்து நிறுவு என்னும் வரிக்கு அருகிலேயே, தட்டு முழுவதையும் அழித்து நிறுவு என்னும் வரியும் நிற்கும். அவசரக் கை அங்கே தவறினால் இடுபணி போய்விடும். அவ்வேளையில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பது நல்லது.

எல்லாம் முடிந்த பின்னும் படியெடுப்பதை நிறுத்தலாகாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பல இரட்டைத் தொடக்கக் கணினிகளில் லினக்சைத் தொடங்கவிடாமல் தடுத்தது. பின்னொரு நாள் லினக்ஸ் வேண்டா என்று தோன்றினால், அதன் பிரிவை எடுத்த எடுப்பிலேயே அழித்துவிடக் கூடாது. வாயிற்காவலரின் பெயர்ப்பட்டியல் அப்பிரிவுக்குள்தான் உள்ளது. முதலில் கணினியின் தொடக்க வரிசையில் விண்டோசை முன்னே வைத்து, அது தானே தொடங்குவதைக் கண்ட பிறகு அழிக்கலாம்.