ஒரு கேலக்ஸிக்கு 38 சாட்சிகள்

மக்கள் அறிவியல் – 9

சென்ற வாரம், ஸ்டார்டஸ்ட் விண்கலம் பூமிக்குக் கொண்டுவந்த ஏரோஜெல்லுக்குள் விண்வெளித் தூசியைத் தேடிய பொதுமக்களைப் பார்த்தோம். வானியல் படிக்காதவர்களை நம்பி ஆய்வு வேலையை ஒப்படைக்கலாம் என்ற தைரியத்தை 2006-ல் பெர்க்லி விஞ்ஞானிகள் தொடங்கிய அந்த முயற்சி தந்தது. மறு ஆண்டே அந்தத் தைரியம் ஆக்ஸ்ஃபோர்டையும் தொற்றிக்கொண்டது.

அங்கே கெவின் ஷாவின்ஸ்கி என்ற முனைவர் பட்ட மாணவருக்கு ஒரு சிக்கல். அதைப் புரிந்துகொள்ள, கேலக்ஸிகளின் இரண்டு பெரிய குடும்பங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய பால்வெளியைப் போலத் தட்டையாக, சுருண்ட கைகளோடு சுழல்பவை ஒரு குடும்பம். இவற்றில் வாயு இன்னும் மிச்சம் இருக்கிறது. நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. சூடான இளம் நட்சத்திரங்களால் இவை நீலமாகத் தெரிகின்றன. கைகள் எதுவும் இல்லாமல் மங்கலான உருண்டைகளாகத் தெரியும் நீள்வட்ட கேலக்ஸிகள் இன்னொரு குடும்பம். வாயு பெரும்பாலும் தீர்ந்து, வயதான நட்சத்திரங்களே மிஞ்சியிருப்பதால் இவற்றின் நிறம் சிவப்பு. 1926-ல் எட்வின் ஹப்பிள் வகுத்த வடிவப் பிரிவினைதான் இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடி.

லட்சக்கணக்கான கேலக்ஸிகள் வந்து குவிந்தபோது, வடிவத்தைக் கணினியால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் பலரும் குறுக்கு வழியில் போனார்கள்: நீலம் என்றால் சுருள், சிவப்பு என்றால் நீள்வட்டம். ஷாவின்ஸ்கிக்கு வேண்டியதோ விதிவிலக்குகள். நீள்வட்டமாக இருந்தும் நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கும் நீல நிற கேலக்ஸிகளை அவர் தேடினார். நிறத்தை வைத்துப் பிரித்தால் முதலில் கைநழுவிப் போவது அவைதான். ஆகவே, கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று உட்கார்ந்தவர், ஒரே வாரத்தில் 50,000 படங்களைப் பார்த்துத் தள்ளினார்.

நியூ மெக்ஸிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் 2.5 மீட்டர் தொலைநோக்கியை வைத்து நடந்த ஸ்லோன் வான் அளவாய்வில், இன்னும் 9 லட்சம் கேலக்ஸிகள் வரிசையில் நின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ராயல் ஓக் என்ற பப்பில் சக வானியலாளர் கிறிஸ் லின்டாட்டிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், படங்களை இணையத்தில் போட்டு ஊரையே கூப்பிட்டால் என்ன என்ற யோசனை உருவானது.

2007 ஜூலையில் ‘கேலக்ஸி ஜூ’ திறக்கப்பட்டது. கேள்வி சுலபம். படத்தில் இருப்பது நீள்வட்டமா, சுருளா? சுருள் என்றால் கடிகார முள் போகும் திசையிலா, எதிர்த் திசையிலா? அல்லது இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருக்கின்றனவா? மிகச் சிறிய பயிற்சிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வேலை முடியச் சில ஆண்டுகள் ஆகும் என்று நினைத்திருந்தார்கள். படங்களை வைத்திருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வர், வந்த கூட்டத்தைத் தாங்காமல் முதல் நாளே படுத்துவிட்டது. அது எழுந்து நின்றதும், மணிக்கு 70,000 பதில்கள் வந்தன. முதல் ஆண்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிக்கும் அதிகமான பதில்களைத் தந்திருந்தார்கள்.

இந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ‘கூலி வாங்காத பெரும் படை’ என்ற அளவில் கதை முடிந்துவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஓர் எண். ஒவ்வொரு கேலக்ஸியையும் சராசரியாக 38 பேர் பார்த்தார்கள்.

ஒரு நிபுணர் தனியாகப் பட்டியல் போட்டால், படத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவார். பிறகு ‘சுருள்’ என்று எழுதிவிடுவார். எழுதியது நிற்கும், தயங்கியது காணாமல் போகும். 38 பேரைக் கேட்கும்போது தயக்கமும் பதிவாகிறது. ஒன்றில் 37 பேர் சுருள் என்கிறார்கள்; இன்னொன்றில் 20 பேர் சுருள், 18 பேர் நீள்வட்டம் என்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே மாதிரியான சுருள்கள் அல்ல என்பது இப்போது ஆய்வாளருக்குத் தெரியும். சுத்தமான மாதிரிகள் மட்டும் போதும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தொலைவு செய்யும் மோசடியையும் இதனால் பிடிக்க முடிந்தது. தூரம் கூடக் கூடக் கேலக்ஸியின் கைகள் மங்கும். சுருளுக்கு விழ வேண்டிய வாக்குகள் நீள்வட்டத்துக்கு நகரும். தூரத்தோடு வாக்குகள் எப்படிச் சரிகின்றன என்று கணக்கிட்டு, அந்தச் சரிவைத் திருத்தினார்கள். நிபுணரின் ஒற்றைச் சொல்லில் இப்படித் திருத்துவதற்குப் பிடி கிடைக்காது.

மொத்தக் கூட்டமும் சேர்ந்து தவறினால்? அதுவும் நடந்தது. சுமார் 1,600 கேலக்ஸிகளை ஆராய்ந்த இயற்பியலாளர் மைக்கேல் லாங்கோ, அவை ஒரு குறிப்பிட்ட திசையில் சுழல்வதையே விரும்புவதுபோலத் தெரிகிறது என்று சொல்லியிருந்தார். அது உண்மையானால் பிரபஞ்சத்துக்கே ஒரு கைப்பழக்கம் இருக்கிறது என்று பொருள். கேலக்ஸி ஜூவின் பதில்களிலும் எதிர்த் திசைச் சுருள்களே அதிகம். குழுவினர் அவசரப்படவில்லை. அதே படங்களில் ஒரு பகுதியை வலம் இடமாகப் புரட்டி மறுபடியும் காட்டினார்கள். வானத்தில்தான் அந்தச் சாய்வு என்றால், இப்போது கடிகாரத் திசை அதிகமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை; புரட்டிய படங்களிலும் எதிர்த் திசையே முந்தியது. சாய்வு பார்ப்பவர்களிடம்தான் இருந்தது. 2008-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். மனிதக் கண்ணின் பிழையே அளந்து கழிக்கத்தக்க ஓர் அளவாகிவிட்டது.

இப்படிப் புடம்போட்ட பட்டியல் கையில் கிடைத்ததும், நிறத்தையும் வடிவத்தையும் முதன்முறையாகப் பெரிய அளவில் தனித்தனியே வைத்துப் பார்க்க முடிந்தது. ஷாவின்ஸ்கி தேடிய நீல நீள்வட்டங்கள் கிடைத்தன. எதிர்ப்பக்கத்தில் சிவப்புச் சுருள்களும் வந்து நின்றன; கேரன் மாஸ்டர்ஸ் தலைமையிலான குழு 2010-ல் அவற்றை விரிவாக ஆராய்ந்தது. அழகான கைகள் அப்படியே இருக்கின்றன, நட்சத்திரப் பிறப்பு மட்டும் ஓய்ந்துவிட்டது. இரண்டு கேலக்ஸிகள் மோதினால் கைகள் கலைந்துவிடும் என்பதால், இவற்றை மோதல் அணைத்திருக்க முடியாது. வாயு மெல்ல மெல்லத் தடைபட்டு, சத்தமில்லாமல் அடங்கியிருக்க வேண்டும். கேலக்ஸி முதுமை அடைய ஒரே பாதைதான் என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

பட்டியலிலிருந்த எந்தப் பதிலுக்கும் அடங்காத சந்தேகங்களும் இருந்தன. 2007 ஆகஸ்ட்டில் நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கல் ஒரு படத்தில் நின்றார். குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞரும் வானியற்பியல் முனைவருமான பிரையன் மே எழுதியதைப் படித்து இந்தப் பக்கம் வந்தவர் அவர். ஐசி 2497 என்ற சுருளுக்குக் கீழே நீலமாக ஏதோ திட்டு. சுருள், நீள்வட்டம் என்ற இரண்டில் ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். அவரோ ‘இது என்ன?’ என்று கேட்டார், விஞ்ஞானிகளுக்கும் தெரியவில்லை. தொலைநோக்கிகளைத் திருப்பிப் பார்த்தபோது, அது கேலக்ஸி அளவுக்குப் பெரிய வாயு மேகம் என்று தெரிந்தது. பக்கத்து கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளை ஒரு காலத்தில் குவாசாராகக் கொழுந்துவிட்டு எரிந்திருக்கிறது. கடந்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் அது தணிந்துவிட்டது. அது அனுப்பிய வெளிச்சம் மட்டும் இன்னும் மேகத்தில் மின்னுகிறது. ‘ஹானியின் வூர்வெர்ப்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அதே போன்ற மேகங்களைத் தேடித் தன்னார்வலர்கள் மறுபடியும் வலை வீசினார்கள். 2012-ல் வெளியான ஆய்வு 19 கேலக்ஸிகளில் அவற்றைப் பட்டியலிட்டது. குவாசார்கள் இவ்வளவு வேகமாக அணையலாம் என்பதற்கு அவை சாட்சி.

அதே காலத்தில், படங்களில் சின்னப் பச்சைப் புள்ளிகள் அவ்வப்போது கண்ணில் பட்டன. தன்னார்வலர்கள் விளையாட்டாகப் ‘பட்டாணி’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு விளையாட்டை விட்டுவிட்டு, ஒளிநிறமாலைகளை ஒப்பிட்டுப் போலிகளைக் களைந்து பட்டியல் தயாரித்தார்கள். யேல் பல்கலைக்கழக மாணவி கரோலின் கார்டமோன் தலைமையில் 2009-ல் வந்த கட்டுரை, சுமார் 10 லட்சம் பொருள்களிலிருந்து 251 பட்டாணிகளைக் காட்டியது. பால்வெளியைவிட மிகச் சிறிய இந்தக் கேலக்ஸிகள் அசுர வேகத்தில் நட்சத்திரங்களைப் பெற்றுத்தள்ளுகின்றன. சூடான ஆக்சிஜன் வாயு விடும் ஒளிதான் அந்தப் பச்சை. பிரபஞ்சத்தின் இளமைக் காலத்துக் கேலக்ஸிகள் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இன்று இவையே அருகிலுள்ள மாதிரிகள்.

இனி இந்த வேலையைக் கணினியே செய்துவிடாதா? பெருமளவு செய்கிறது. மைக் வாம்ஸ்லி உருவாக்கிய ‘ஜூபாட்’ என்ற மென்பொருள், தன்னார்வலர்களின் பதில்களைப் படித்துப் பழகி, 2023-ல் 87 லட்சம் கேலக்ஸிகளின் வடிவத்தைக் கணித்தது. அது ஒற்றைத் தீர்ப்பு எழுதுவதில்லை. மனிதர்களைக் கேட்டிருந்தால் எத்தனை சதவீதம் பேர் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கணிக்கிறது. எங்கே தனக்கு உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. தன்னார்வலர்களுக்கு எந்தப் படத்தைக் காட்டினால் தான் அதிகம் கற்கலாம் என்று அதுவே பொறுக்கவும் செய்கிறது. 2024 ஆகஸ்ட்டில் ஐரோப்பாவின் யூக்ளிட் விண்தொலைநோக்கிப் படங்களுக்குச் சுமார் 10,000 பேர் இப்படிப் பதில் தந்தார்கள். அதைக் கற்ற ஜூபாட்டின் உதவியோடு 3,80,000 கேலக்ஸிகளின் பட்டியல் 2025 மார்ச்சில் வெளியானது.

கணினி வந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. கூட்டத்திடமிருந்து கணினி கற்றுக்கொண்ட முதல் பாடமே சந்தேகப்படுவதுதான். ஆனால் பட்டாணியும் வூர்வெர்ப்பும் யாரும் கேட்காத கேள்விகளுக்கான விடைகள். அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்க, படத்தின் ஓரத்தில் கண் வைக்கும் ஓர் ஆள் இன்னும் தேவைப்படுகிறார்.

அடுத்த வாரம் நம் ஊருக்குத் திரும்புவோம். புனேவுக்கு வடக்கே கோடாட் கிராமத்தைச் சுற்றி 30 ராட்சத ரேடியோ ஆன்டெனாக்கள் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவை பிடித்த படங்களை இந்திய மாணவர்கள் கையில் கொடுத்து, 2013 முதல் கேலக்ஸிகளைத் தேடவைக்கும் ‘ராட் அட் ஹோம்’ பற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)