மாப்பொருள் குறைந்த உணவும் புற்றுநோயும்

உணவையும் மருந்தையும் ஒருங்கு வைத்தெண்ணுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே உணவைப் பற்றியே பெரிதும் பேசினார். ஆதலின், சோறு முதலிய மாப்பொருள் உணவை ஒழித்தாற் புற்றுநோய் பட்டினியால் மடியும் என்னும் கூற்று இந்நாளிற் பலர் உள்ளத்தைக் கவர்வதில் வியப்பில்லை. அதன் உண்மையை ஈண்டு ஆராய்வோம்.

புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் உள்ளபோதும் குளுக்கோசை மிகுதியாகக் கொண்டு இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன என்பதை ஜேர்மனிய அறிஞர் ஒட்டோ வார்பேர்க் 1920களிற் கண்டார். அமெரிக்க வைத்தியர் ரசல் வைல்டர் 1921ஆம் ஆண்டில், வலிப்பு நோயாளர்க்கெனக் கொழுப்பு மிக்கதும் மாப்பொருள் மிகக் குறைந்ததுமான உணவு முறையை வகுத்தார். அதனை உண்போரின் ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்க, உடல் அவற்றை எரிபொருளாகக் கொள்ளும். இவ்விரு செய்திகளும் இணைந்தவிடத்தே மேற்கூறிய நம்பிக்கை வேர்கொண்டது.

ஆயின், உடலின் இயல்பு அத்துணை எளிதன்று. மாப்பொருளை முற்றாக விலக்கினும், ஈரல் புரதத்திலிருந்து குளுக்கோசை ஆக்கிக் குருதியிற் சேர்க்கும். புற்றுநோய்க் கலங்களோ அமினோவமிலங்களையும் கொழுப்பையுங்கூடப் பயன்படுத்த வல்லன.

2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. எலிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஒருவகைப் புற்றுநோய் மருந்து குருதியில் இன்சுலினை உயர்த்தித் தன் பயனைத் தானே குறைத்தது. மாப்பொருள் குறைந்த உணவு அவ்வுயர்வைத் தடுத்து மருந்துக்குத் துணைநின்றது. எனினும், ஒருவகைக் குருதிப் புற்றுடைய எலிகளுக்கு அவ்வுணவு தனியே கொடுக்கப்பட்டபோது நோய் விரைந்து முற்றியது. ஆகவே, ஒரு நோய்க்குத் துணையாவது மற்றொன்றிற்குத் தீங்காதலுங் கூடும்.

மனிதரிடையே நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியன. இவ்வுணவு தனித்து நோயைத் தீர்க்குமென்றோ ஆயுளை நீட்டுமென்றோ அவை நிறுவவில்லை. உடல் மெலிதலோ புற்றுநோயாளரை வாட்டும் பேரிடர். மெலிந்தோர் சிகிச்சையைத் தாங்குதல் அரிது. இது கருதியே, 2017ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பியப் போசணை வழிகாட்டி, மெலியும் நிலையிலுள்ளோர் உணவைக் குறுக்கலாகாது என்றும், நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேற்பட்ட புரதம் வேண்டும் என்றும் கூறுகின்றது.

ஆதலால், இவ்வுணவு முறையை விரும்புவோர் வைத்தியரையும் உணவியலாளரையும் கலந்தே தொடங்குதல் வேண்டும். நீரிழிவு மருந்து உண்போர்க்கு இஃது இன்றியமையாதது. ஒருவாய்க் கஞ்சியே உட்செல்லும் நோயாளியிடம் அதனையும் தடுத்தல், அன்பின் பெயராற் செய்யும் தீங்கேயாகும் என்பதை நாம் மறத்தலாகாது.