மேபெரியும் கிரீன்ஸ்பரோவும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மவுன்ட் ஏரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரம் சொச்சம். ஒரு காலத்தில் கிரானைட் குவாரிக்கும் காலுறை ஆலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். இன்று வெளியூர்க்காரர்கள் அங்கே வருவது ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடருக்காக. அதன் நாயகன் ஆண்டி கிரிஃபித் 1926இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

தொடரில் அவர் மேபெரி என்ற கற்பனை ஊரின் ஷெரிஃப். மனைவியை இழந்தவர். மகன் ஓப்பியை வளர்க்க அத்தை பீ கூடவே இருக்கிறார். ஷெரிஃப் இடுப்பில் துப்பாக்கி இருக்காது. ஊர்க் குடிகாரர் ஓட்டிஸ் போதை ஏறியதும் தானாகவே வந்து லாக்கப்பில் படுத்துக்கொள்வார். சாவி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கும்.

நான் சார்லட்டில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் மவுன்ட் ஏரிக்கு அழைத்துப் போவது வழக்கம். 1923 முதல் நடக்கும் ஸ்னாப்பி லன்ச் கடையின் சாண்ட்விச்சை அவர்கள் சாப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்த பன்றி இறைச்சி, அதன் மேல் தக்காளி, வெங்காயம், கடுகு சாஸ், முட்டைக்கோஸ் ஸ்லா, காரமான கொத்துக்கறி. இரண்டு பக்கமும் வழியும். காகிதத்தோடு சேர்த்துப் பிடித்துத்தான் கடிக்க முடியும். வெளியே வந்தால், தொடரில் வருவது போன்ற கறுப்பு வெள்ளை ஃபோர்டு போலீஸ் காரில் ஊரைச் சுற்றிக்காட்டுகிறார்கள். அதில் ஏறி உட்காரும் வயதானவர்களின் முகம் மலர்வதைப் பார்த்தால் நமக்கே நெஞ்சு நிறையும்.

அவர்கள் ஏங்குவது பொய்க்கு அல்ல. நடந்தே போகிற கடைத்தெரு, பேர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரர், தூண்டிலோடு தனியாகத் திரியும் பிள்ளைகள் எல்லாம் நிஜமாகவே இருந்தன. மனிதர்கள் கெட்டுப்போனதால் அவை மறையவில்லை. 1956இல் நாடு முழுக்க 41,000 மைல் நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. போக்குவரத்து கடைத்தெருக்களைத் தொடாமல் ஊருக்கு வெளியே ஓடியது. 1962இல் ஆர்கன்சாவில் முதல் வால்மார்ட் திறந்தது. பிறகு வட கரோலினாவின் துணி ஆலைகளும் கூலி மலிவான நாடுகளுக்குப் போயின.

ஆனால் மேபெரி இருந்ததில்லை. படம் பிடித்தது கலிஃபோர்னியாவில், கல்வர் சிட்டியில் போட்ட செட்டில். அதில் இருப்பது 1930களின் வாசனை என்று கிரிஃபித்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதாவது, நாம் ஏங்கும் 1960இல் இருந்தவர்களும் பின்னோக்கித்தான் ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொடர் முதலில் ஒளிபரப்பானது 1960 அக்டோபர் 3. அதற்கு எட்டு மாதம் முன்பு, பிப்ரவரி 1, இதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரம். எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போனார்கள். பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கி ரசீதும் பெற்றுக்கொண்டார்கள். பிறகு அதே கடையில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் உணவுக் கவுன்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கடைக்காரர்கள் தர மறுத்தார்கள். பற்பசைக்குக் கொடுத்த காசு செல்லும், காபிக்குச் செல்லாது. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. சில நாட்களில் அங்கே நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். ஜூலை 25 அன்று கவுன்டர் எல்லோருக்கும் திறந்தது.

மேபெரிக்கு இந்தச் சேதி எட்டவில்லை. 249 அத்தியாயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வசனம் கிடைத்த கறுப்பின நடிகர் ஒரே ஒருவர், ராக்னி டார்கிங்டன். அதுவும் 1967இல்.

என் போன்றவர்களுக்கும் அந்த ஊரில் இடம் இருந்திருக்காது. 1946 சட்டப்படி இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்பதுதான் குடியேற்ற ஒதுக்கீடு. அந்த முறையை ஒழித்தது 1965 சட்டம். நான் இங்கே வாழ்கிறேன் என்றால், ‘அந்தப் பொற்காலம்’ முடிந்ததால்தான்.

அந்தப் பொற்காலம் விட்டுவிட்டவர்களையும் பின்னாளில் வரைந்தார் என்பதால்தான் ஓவியர் நார்மன் ராக்வெல்லை நான் மதிக்கிறேன். சிற்றூர்க் கனவை வரைந்து கொடுத்தவரே அவர். ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அட்டைகளில் 1916 முதல் 1963 வரை. கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாக மட்டுமே காட்ட அங்கே அனுமதி இருந்தது என்று அவரே பின்னர் சொன்னார். அங்கிருந்து விலகி 1964இல் ‘லுக்’ இதழுக்கு வரைந்த படத்தில், நியூ ஆர்லியன்ஸின் ஆறு வயது கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் வெள்ளை கவுனில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த பள்ளிக்கு நடக்கிறாள். காவலுக்கு முன்னும் பின்னுமாக நான்கு மத்திய அரசு மார்ஷல்கள். பின்சுவரில் எறிந்து சிதறிய தக்காளி.

நடக்கத் தெருவும், அறிந்த முகங்களும், பயமில்லாத பிள்ளைப்பருவமும் வேண்டும் என்பது நல்ல ஆசை. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதே நேர்மை.

உல்வொர்த் கட்டடம் 2010 முதல் அருங்காட்சியகம். அந்தக் கவுன்டர் இன்னும் உள்ளே இருக்கிறது. மவுன்ட் ஏரியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலையில் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு மதியம் கிரீன்ஸ்பரோவுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிவாருங்கள்.