தேக்காவில் கேட்ட பதில்

சென்ற கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தாய்மாமா வீட்டிற்குப் பெற்றோருடன் சென்று வரும் வாய்ப்புக் கிட்டியது. வானளாவிய கட்டடங்களையும் கப்பல்களையும் கண்டு வியந்தேன். ஆயினும் என் மனத்தில் பதிந்தது ஒரு காய்கறிச் சந்தைதான்.

அதன் பெயர் தேக்கா. சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடுமிடத்தில், 'லிட்டில் இந்தியா' பகுதியில் உள்ளது. சீனரின் ஹொக்கியன் மொழியில் 'தேக்கா' என்றால் மூங்கிலின் அடி என்று பொருள். மலாய் மக்கள் இவ்விடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்பர். பழைய சந்தை 1915-ஆம் ஆண்டில் சாலையின் எதிர்ப்புறம் எழுந்தது. இன்றைய கட்டடம் 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் மீன், இறைச்சி, காய்கறிக் கடைகள் வரிசையாக உள்ளன. தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் இத்தகைய சந்தையை அங்கே 'ஈரச்சந்தை' என்கின்றனர்.

முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை என்று நம் ஊர்ப் பொருள்களைக் கண்டதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரு தமிழ்க் கடைக்காரரிடம், "ஐயா, இந்தக் கொத்தமல்லி உங்கள் தோட்டத்தில் விளைந்ததா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இங்கே தோட்டம் ஏது பாப்பா? எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்றார்.

மாமா அதை விளக்கினார். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்திற்கும் மேல் இறக்குமதி செய்கிறது. முன்பு அங்கும் காய்கறித் தோட்டங்களும் கோழி, பன்றிப் பண்ணைகளும் நிறைய இருந்தன. வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக அவை மறைந்தன. இன்று உழவுக்கு உள்ள நிலம் மொத்தப் பரப்பில் சுமார் ஒரு சதவீதமே. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அந்தச் செல்வ நாட்டின் கோழிச்சோற்றுக் கடைகள் புதுக்கோழியின்றித் தவித்தனவாம். பணம் இருந்தும் பொருள் இல்லை!

அன்றிரவு எனக்கு எங்கள் ஓசூர் உழவர் சந்தையின் நினைவு வந்தது. உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. இடைத்தரகர் இன்றி உழவரே நேராக விற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிகாரிகள் நிலத்தைச் சரிபார்த்து, உழவருக்குப் புகைப்படத்துடன் அடையாள அட்டை வழங்குவர். கடைக்கு வாடகை இல்லை; தராசும் இலவசம். மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் அன்றாடம் விலை குறித்துப் பலகையில் எழுதுவர். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். எல்லை ஊர் அல்லவா? தமிழில் 'எவ்வளவு', தெலுங்கில் 'எந்த்த', கன்னடத்தில் 'எஷ்டு' என்று மும்மொழியிலும் பேரம் கேட்கும்.

சூளகிரி அருகே நிலம் வைத்துள்ள என் தாத்தாவும் அங்கே கொத்தமல்லியும் முட்டைக்கோசும் விற்கிறார். என் அப்பாவோ தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் 1970-களில் தோன்றியது. அதனால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எனவே தொழிற்சாலையை நான் குறை கூற மாட்டேன். ஆனால் எங்கள் பகுதியில் வயல்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகின்றன. தாத்தாவின் நிலத்திற்கும் விலை பேச ஆள் வந்துவிட்டது. தாத்தாவுக்கு வயதாகிவிட்டதால் விற்றுவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். வேண்டாம் என்கிறார் தாத்தா.

ஊர் திரும்பிய பின் ஒரு ஞாயிறு, விடியுமுன் தாத்தாவுடன் சந்தைக்குச் சென்றேன். அப்பாவும் கொத்தமல்லி மூட்டையைச் சுமந்து வந்தார். ஓர் அம்மாள் கட்டை முகர்ந்து பார்த்து, "இது உங்கள் தோட்டத்துக் கொத்தமல்லியா?" என்று கேட்டார். தேக்காவில் நான் கேட்ட அதே கேள்வி! தாத்தா வாய் திறக்குமுன், "ஆமாம்மா, எங்கள் தோட்டத்துடையதுதான்" என்று அப்பா சொன்னார். நிலத்தைப் பற்றி வீட்டில் இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலை நான் மறக்கவில்லை.

தோழியரே, அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது நீங்களும் அக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஆம்" என்று சொல்ல ஒருவர் இருக்கும் வரை நம் ஊர் பாக்கியம் செய்த ஊரே.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி