மெத்தைத் துணியும் அடைத்த காற்றும்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். பாதி தூரம் போனதும் கை நின்றுவிடும். விட்டால் கைப்பிடி தானே மேலே எழும்பும். உள்ளே ஸ்பிரிங் ஏதும் இல்லை. அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரிந்த இந்த விஷயத்தைக் கொண்டுதான் உயர்தர 'ஹை-ஃபை' ஒலிபெருக்கிகளின் அமைப்பையே மாற்றினார் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் எட்கர் வில்ச்சூர்.

1917-ல் பிறந்த வில்ச்சூர் கல்லூரியில் படித்தது கலை வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்த பிறகே எலெக்ட்ரானிக்ஸ் கற்றார். போர் முடிந்ததும் நியூயார்க் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். பின்னர் நியூயார்க் பல்கலைக் கழகத்தில் ஒலியைப் பற்றி வகுப்பு நடத்தினார்.

அலமாரி அளவு பெட்டி

ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு காகிதக் கூம்பு இருக்கிறது. அதன் அடியில் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிக் காந்தம். மின்சாரம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பை ஆட்டுகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அதுவே நம் காதில் ஒலியாக விழுகிறது.

புல்லாங்குழலின் மேல் ஸ்வரத்துக்குக் கூம்பு மயிரிழை அசைந்தால் போதும். மிருதங்கத்தின் 'தொம்' கேட்க வேண்டுமானால் அது வெகு தூரம் போய் வர வேண்டும். போன கூம்பை இழுத்து நிறுத்த அந்நாளில் விறைப்பான விளிம்பு வைத்திருந்தார்கள். சிறிய அசைவில் அது ஒழுங்காக இழுக்கும். பெரிய அசைவில் தாறுமாறாக இழுக்கும். விளைவு, அடி ஒலி கரகரத்தது. இதைச் சமாளிக்க அலமாரி அளவுக்குப் பெட்டி செய்தார்கள். வசதி படைத்தவர் வீட்டுக் கூடத்தில்தான் அதற்கு இடம் உண்டு.

வில்ச்சூர் நேர்மாறாக யோசித்தார். விளிம்பை நன்றாகத் தளர்த்திவிட்டுப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தால், உள்ளே இருக்கும் காற்றே கூம்பை இழுக்காதா? காற்று அந்த விறைப்பான விளிம்பைவிட ஒரே சீராக இழுக்கும். இதற்குப் பெட்டி சிறியதாகவே இருக்க வேண்டும்!

பலகையால் மாதிரிப் பெட்டி தயாராயிற்று. கூம்பின் விளிம்புக்குத் தளர்வான பொருள் வேண்டுமே? மெத்தை உறைத் துணியே போதுமானதாக இருந்தது. போர்க் காலத்தில் வரைபடக் கலைஞராக வேலை பார்த்த மனைவி ரோஸ்மேரி அதற்கு அளவு வரைந்து கொடுத்தார்.

கம்பெனி பிறந்தது

பெரிய கம்பெனிகள் இந்த யோசனையை ஏற்கவில்லை. ஏற்றவர், வில்ச்சூரிடம் பாடம் கேட்ட ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞர். அவருக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பட்டறை இருந்தது. 1954-ல் இருவரும் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' கம்பெனியைத் தொடங்கினர். முதல் தயாரிப்பான ஏ.ஆர்.1 இரண்டடிக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. விலை 185 டாலர். புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய அந்தப் பெட்டியிலிருந்து மாதாகோவில் ஆர்கனின் அடி ஒலி கேட்டது.

இதைச் செய்வதில் நுணுக்கம் உண்டு. இணைப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் காற்றின் பிடி தளர்ந்துவிடும். பலகை கனமாக இல்லாவிட்டால் பெட்டியும் சேர்ந்து பாடத் தொடங்கும். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சை நிரப்பினால், பெட்டியை உள்ளதைவிடப் பெரிதாக்கியது போன்ற பலன் கிடைக்கும். குறையும் இல்லாமல் இல்லை. இவ்வகைப் பெட்டி மின்சக்தியை அதிகம் விழுங்கும். வலுவான ஆம்ப்ளிஃபயர் தேவை.

ஏ.ஆர்.3 வந்த பிறகு ஒரு துணிச்சலான பரீட்சை நடந்தது. 'ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட்' வித்வான்கள் மேடையில் வயலின் வாசிப்பார்கள். நடுவில் வில்லைத் தந்தியில் படாமல் அசைப்பார்கள், ஒலிபெருக்கி தொடரும். எங்கே மாறிற்று என்று சபையோரில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

தோல்வியும் கொடையும்

வில்ச்சூர் தம் கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் வாங்கியிருந்தார். போட்டிக் கம்பெனி ஒன்று கோர்ட்டில் அதை எதிர்த்து வென்றது. அவர் அப்பீல் செய்யவில்லை. எல்லோரும் அடைத்த பெட்டி செய்யத் தொடங்கினர். அப்படியும் அவருடைய வியாபாரம் படுத்துவிடவில்லை. 1967-ல் கம்பெனியை விற்றுவிட்டு, செவிக் கருவி ஆராய்ச்சியில் இறங்கினார்.

காது மந்தமானவருக்கு மெல்லிய ஒலி கேட்காது. பலத்த ஒலியோ மற்றவர்களைப் போலவே வலிக்கும். "உரக்கப் பேசு" என்பவரே மறு நிமிஷம் "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிப்பது இதனால்தான். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கிப் பயனில்லை. மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும், அடி ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனியாகப் பெருக்க வேண்டும் என்று வில்ச்சூர் கண்டார். 1973-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இம்முறை பேட்டண்ட் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய செவிக் கருவிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இயங்குகின்றன.

வில்ச்சூர் 2011 அக்டோபரில் தமது 94-வது வயதில் காலமானார். அவருடைய ஏ.ஆர்.3 பெட்டி ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றிருக்கிறது. செவிக் கருவி மாட்டிக்கொண்டு பேரனின் மழலையைக் கேட்கும் பெரியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது.