ஊதினால்தான் ஓடும்!

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, காலையில் ஆபீசுக்குப் புறப்படும் ஒருவர் தமது மோட்டார் வண்டியில் ஏறி உட்காருகிறார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பவில்லை. பக்கத்தில் தொங்கும் சிறு கருவி ஒன்றை அவர் கையில் எடுக்கிறார். நாகஸ்வர வித்வான் சீவாளியைச் சரி பார்ப்பது போல் அதை வாயில் வைத்து ஊதுகிறார். கருவி சற்று யோசனை செய்கிறது. பிறகு, போனால் போகிறது என்று அனுமதி கொடுக்கிறது. அதற்கப்புறந்தான் வண்டிக்கு உயிர் வருகிறது.

இது விளையாட்டல்ல, கோர்ட்டார் விதித்த தண்டனை. மனிதர் ஒரு நாள் குடித்துவிட்டு வண்டி ஓட்டி அகப்பட்டுக் கொண்டார். அவருடைய மூச்சில் மது வாசனை இல்லையென்று கருவி திருப்தியடைந்தால்தான் இனி அவர் வண்டி நகரும். அந்நாட்டார் இதற்கு 'இக்னிஷன் இண்டர்லாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குள் அதை மூச்சுப் பூட்டு என்றே சொல்லிக் கொள்வோம்.

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுவது குற்றம் என்று நியூயார்க் மாகாணத்தார் 1910ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்து விட்டார்கள். ஆனால் ஒருவர் குடித்திருந்தார் என்று ருசுப்பிப்பது எப்படி? "தள்ளாடினான்" என்பார் போலீஸ்காரர். "புதுச் செருப்பு கடித்தது" என்பார் எதிரி. நீதிபதி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க முன்வந்தவர் இந்தியானா சர்வகலாசாலை ஆசிரியர் ரோலா ஹார்கர். குடித்தவனைப் பலூனில் ஊதச் சொல்லி, அந்தக் காற்றை ஊதா நிறத் திராவகத்தின் வழியே செலுத்தினால், மது இருக்கும் அளவுக்குத் தக்கபடி நிறம் வெளுக்கும் என்று அவர் காட்டினார். 1938ஆம் வருஷக் கடைசி இரவன்று, புது வருஷத்தை வரவேற்கும் உற்சாகத்தில் ஊரே மிதந்து கொண்டிருந்தபோது, இந்தியானாபோலிஸ் போலீஸார் அந்தப் பலூனுடன் தெருவில் இறங்கினார்கள். சமயம் பார்த்து இறங்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். பிறகு 1954இல், அதே இந்தியானாவின் போலீஸ் இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் என்பவர், கையாளுவதற்கு இன்னும் சுலபமான 'பிரெத்தலைஸர்' கருவியைச் செய்தார். அது முதல் மூச்சே சாட்சிக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தது.

எல்லை எது என்பதிலும் காலம் கடுமையாகிக் கொண்டே வந்திருக்கிறது. ஆதியில், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 150 மில்லிகிராம் மது இருந்தால்தான் மனிதன் நிதானம் தவறியவன் என்று வைத்திருந்தார்கள். பிறகு 100 ஆயிற்று. 80க்கு இறங்காத மாகாணங்களுக்குச் சாலை மானியத்தில் வெட்டு விழும் என்று 2000ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் சட்டம் செய்தார்கள். மானியம் என்றால் யாருக்குத்தான் பக்தி வராது? 2004க்குள் எல்லா மாகாணங்களும் இணங்கி விட்டன. யூட்டா மாகாணம் மட்டும் 2018 டிசம்பர் முடிவில் இன்னும் ஒரு படி இறங்கி 50 என்று வைத்தது.

தண்டனைகள் சாமானியமானவையல்ல. கலிபோர்னியாவில் முதல் தடவை அகப்பட்டவருக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அபராதம் 390 முதல் 1,000 டாலர் வரை. அதன் தலையில் ஏறும் கட்டணங்களைச் சேர்த்தால் தொகை பல மடங்காகும். லைசென்ஸ் பறிபோகும். இவை போதாவென்று, குடித்து ஓட்டியவர்களுக்கென்றே நடக்கும் வகுப்பில் மூன்று மாதம் போய் உட்கார வேண்டும். இரண்டாம் தடவையானால் பதினெட்டு மாதம். பள்ளிக்கூடம் போவதையே தண்டனைப் பட்டியலில் சேர்த்திருப்பது உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்குச் சற்று மனஸ்தாபந்தான். பத்து வருஷத்துக்குள் நான்காம் தடவையும் அகப்பட்டால் அது பெருங்குற்றமாகக் கருதப்படலாம்.

நான்காம் தடவை வரை ஒருவர் எப்படிப் போகிறார் என்பதே கேள்வி. 1980ஆம் வருஷம் மே மாதம் 3ந் தேதி, கலிபோர்னியாவில் பேர் ஓக்ஸ் என்ற ஊரில், மாதா கோவில் திருவிழாவுக்கு நடந்து போய்க் கொண்டிருந்த பதின்மூன்று வயதுச் சிறுமியின் மீது ஒரு மோட்டார் மோதியது. வண்டி நிற்காமலே போய் விட்டது. குழந்தை இறந்தாள். ஓட்டியவன் இதே குற்றத்துக்காக முன்பே தண்டனை பெற்றவன். போதாததற்கு, இன்னொரு மோதல் வழக்கில் அகப்பட்டு ஜாமீனில் வெளிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையின் தாயார் ஸ்ரீமதி காண்டேஸ் லைட்னர் அழுது கொண்டு வீட்டில் உட்கார்ந்து விடவில்லை. அந்த வருஷமே, குடித்து ஓட்டுவோரை எதிர்க்கும் தாய்மார் சங்கத்தை ஸ்தாபித்தார். நீதிபதிகள் இந்தக் குற்றத்தை 'ஏதோ கைப்பிசகு' என்று பாவித்து வந்த வழக்கத்தை உலுக்கியது அந்தச் சங்கந்தான். 1982இல், குடித்தவர்கள் ஓட்டிய வண்டிகளால் நேர்ந்த விபத்துகளில் 21,000க்கும் அதிகமானவர்கள் மாண்டிருந்தார்கள். 2023இல் அந்தத் தொகை 12,429. வண்டிகள் பெருகிய போதிலும் சாவு குறைந்திருக்கிறது என்பது மெய்தான். ஆனால் 12,429 என்பது ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை அல்லவா?

லைசென்ஸைப் பிடுங்கினால் ஒருவன் கையிலுள்ள அட்டை போகிறது; வண்டி போவதில்லை. தொழிற்சாலைக்கு இருபது மைல், கடைக்கு ஐந்து மைல் என்று வாழ்கிற தேசத்தில், அட்டை இல்லாமலே பலர் ஓட்டத்தான் செய்தார்கள். ஆகையால், அட்டையைப் பூட்டுவதை விட வண்டியைப் பூட்டினால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. 1986இல் கலிபோர்னியா சட்டசபை நான்கு ஜில்லாக்களில் இதைப் பரீட்சை பார்க்க உத்தரவிட்டது. 2005இல் நியூ மெக்ஸிகோ, முதல் தடவைக் குற்றவாளிகள் உள்பட அனைவருக்கும் மூச்சுப் பூட்டைக் கட்டாயமாக்கியது. நியூயார்க்கில் குடித்திருந்த பெண்மணி ஒருத்தி ஓட்டிய வண்டி கவிழ்ந்து, அதில் இருந்த பதினொரு வயதுச் சிறுமி இறந்து போக, அக்குழந்தையின் பெயராலேயே 'லியாண்ட்ரா சட்டம்' 2009இல் பிறந்தது. இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாகாணங்களில் முதல் குற்றத்துக்கே பூட்டு உண்டு.

பூட்டு வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். ஊதும் மூச்சில் உள்ள மது, பிளாட்டினம் பூசிய ஒரு சிறு மின்கலத்தில் பட்டதும் மின்சாரம் பிறக்கிறது. மது எவ்வளவோ அவ்வளவு மின்சாரம். ரத்தக் கணக்கில் 20 அல்லது 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி மௌன விரதம் பூண்டு விடும். இதிலே விசேஷம் என்னவென்றால், புறப்பட்ட பிறகும் அது விடுவதில்லை. சில நிமிஷங்களுக்கெல்லாம் "இன்னொரு முறை ஊது" என்கிறது. வழி நெடுகிலும், எப்போது கேட்கும் என்று தெரியாதபடி கேட்டுக் கொண்டே வருகிறது. ஊதத் தவறினாலோ, தோற்றாலோ எஞ்சினை நிறுத்தி விடாது. நடுச்சாலையில் வண்டி நின்றால் அதுவே ஆபத்தாகும் அல்லவா? பதிலாக ஹார்ன் அலறும், விளக்குகள் மின்னும், ஊரே திரும்பிப் பார்க்கும். நடந்ததெல்லாம் கருவியின் ஞாபகத்தில் பதிந்து அதிகாரிகளுக்குப் போய்ச் சேரும்.

மனிதனும் சும்மா இருப்பானா? பலூனில் காற்றை அடைத்து வந்து ஊதிப் பார்த்தான்; ஊதும்போதே ராகம் இழுப்பது போல் முனக வேண்டும் என்று கருவிக்குப் புது வித்தை கற்றுக் கொடுத்தார்கள். குடிக்காத சிநேகிதனை ஊதச் சொன்னான். பல கருவிகளில் காமிராவைப் பொருத்தி விட்டார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்தில் மது இருந்தாலும் கருவி தடுக்கும். வாயைக் கழுவி, சில நிமிஷம் காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். எல்லாவற்றையும் விடச் சுலபமான தந்திரத்தை நியூயார்க்கில் பலர் கண்டுபிடித்தார்கள். "எனக்கு வண்டியே கிடையாது" என்று சொல்லி விட்டார்கள்! அதை அடைக்க 2013இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

நம்முடைய மனத்தை உறுத்தும் விஷயம் வேறொன்று. வீட்டுக்கு ஒரே வண்டிதான் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். குற்றம் செய்தவர் கணவர். ஆனால் பூட்டு வண்டியில் இருக்கிறது. ஆகவே ஆயுளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டறியாத மனைவியும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவதற்கு முன், அந்தக் கருவியை வாயில் வைத்து ஊதித்தான் தீர வேண்டும். பள்ளிக்கூட வாசலில் கருவி மறுபடி ஊதச் சொன்னால், மற்றத் தாய்மார்கள் பார்க்க ஊத வேண்டும். வாடகையும் சாதாரணமாகக் குற்றவாளியே கொடுக்க வேண்டியது. மாதம் எழுபது எண்பது டாலர் ஆகிறது. குடும்பச் செலவில் அது எந்தப் பங்கிலிருந்து கழியும் என்பது எந்த தேசத்துக் குடும்ப ஸ்திரீக்கும் தெரியும். ஏழைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்க கலிபோர்னியாவிலும், உதவி நிதி அளிக்க நியூ மெக்ஸிகோவிலும் ஏற்பாடு செய்திருப்பது நியாயமே.

பலன் உண்டா? பேஷாக உண்டு. பூட்டு இருக்கும் வரையில், மறுபடி இதே குற்றத்துக்காகக் கைதாவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பூட்டைக் கழற்றியதும் அந்த வித்தியாசம் மறைந்து போகிறது என்றும் அவர்களே சொல்கிறார்கள். இதைப் படித்தபோது நமக்கு ஆச்சரியமே உண்டாகவில்லை. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நடமாடும் வரையில் எந்த வகுப்பும் நிசப்தமாகத்தான் இருக்கும்.

இனிச் செய்யும் புது வண்டிகள் எல்லாவற்றிலுமே, குடித்தவரைக் கண்டுகொண்டு தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் நிறைவேற்றியது. மூன்று வருஷத்தில் விதிகள் வகுக்க வேண்டும் என்று கெடு. 2024 நவம்பரில் கெடு கழிந்தது, விதி வரவில்லை. அந்த ஜனங்களுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1974ஆம் வருஷத்து வண்டிகளை, இடுப்புப் பட்டையை மாட்டிக் கொள்ளாவிட்டால் கிளம்பாதபடி செய்திருந்தார்கள். ஜனங்கள் போட்ட கூச்சலில் அந்த வருஷ முடிவுக்குள்ளேயே காங்கிரஸ் அதை ரத்து செய்து விட்டது. குற்றவாளி ஊதுவதைச் சகிக்கும் சமூகம், தானும் சோதனைக்கு உட்படுவதென்றால் தயங்குகிறது.

தெற்கு டக்கோட்டா மாகாணத்தில் 2005 முதல் வேறு வழியிலும் போகிறார்கள். அப்போது அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த லாரி லாங் ஆரம்பித்து வைத்த வழி. அங்கே பூட்டு வண்டிக்கு அல்ல, மனிதனுக்கு. அவன் மதுவையே தொடக் கூடாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போலீஸ் காரியாலயத்துக்கு நடந்து வந்து ஊத வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு டாலர் கட்டணம். தோற்றால் நீண்ட தண்டனை ஒன்றும் இல்லை. அன்றைக்கே, அப்போதே, ஓரிரு நாள் சிறை. வராமற் போனாலும் அப்படியே.

ஆராய்ச்சியாளர்கள் 2013இல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இந்தத் திட்டம் நடந்த ஜில்லாக்களில், குடித்து ஓட்டி மீண்டும் கைதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் குறைந்திருந்தது. அதோடு, இன்னொரு கணக்கும் சேர்ந்து கிடைத்தது. வீட்டுக்குள் மனைவியையும் குடும்பத்தாரையும் அடித்ததற்காகக் கைதானவர்களின் தொகையும் நூற்றுக்கு ஒன்பது வீதம் குறைந்திருந்தது.