பெயரும் இரையும்

நம் புனித அந்தோனியாரின் பெயரைத் தாங்கிய ஊர் அமெரிக்காவின் சான் அன்டோனியோ. அங்குள்ள விலங்குக் காட்சிசாலை காதலர் தினத்தையொட்டி நிதி திரட்டுகிறது. 2022-இல் 10 டாலர் கொடுத்தால் ஒரு கரப்பான்பூச்சிக்கு, 25 டாலர் கொடுத்தால் ஓர் எலிக்கு, நம்மைக் கைவிட்டுப் போனவரின் பெயரைச் சூட்டி விலங்குக்கு இரையாகப் போட்டார்கள்.

பாம்புக்கும் பல்லிக்கும் எப்படியும் இரை வேண்டும். அதில் குறை காணவில்லை. வேண்டாதவர் பெயரை நாய்க்கு வைப்பது நம் ஊரிலும் உண்டே!

தொடக்கநூல் 2-ஆம் அதிகாரத்தில் கடவுள் விலங்குகளை மனிதனிடம் கொண்டுவருகிறார், அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்க. அங்கே பெயர் உறவின் தொடக்கம். இங்கேயோ, பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர், அவருக்கே தெரியாமல், நம் கசப்புக்கு விலைபோகிறது. பூச்சிக்கு ஒன்றும் தெரியாது. கசப்பு நம்மிடம்தான் தங்குகிறது.

அந்த 10 டாலரைப் பெயர் எழுதாமலும் கொடுக்கலாம். மறக்க முடியாத அந்தப் பெயரை ஞாயிறு திருப்பலிக் கருத்தில் சேர்க்கலாம்.